மிசின் கோயில் பூசாரி

அவிநாசிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு வண்டி கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் எங்கள் காட்சிசாலைக்கு வந்தது. வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றி விட்டார்கள். அதில் புதுமை ஒன்றும் இல்லை, வருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் செய்வார்கள். அந்தக் குடும்பத்து அம்மாள் ஒருவர் மட்டும் கையில் தட்டு வைத்திருந்தார். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் இருந்தன. நேராகப் பெரிய நீராவி என்ஜினுக்கு முன்னால் போய் நின்று, அதன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் தட்டை நீட்டினார்.

"பூசாரிங்களா? பேரு நட்சத்திரமெல்லாம் சொல்லோணுங்களா?"

அவர் பதறிப்போய்க் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டார். "அம்மணி, இது கோயிலில்லீங்க. ஆவியில ஓடற மிசினுங்க. நான் தொடைக்கறவனுங்க."

அம்மாள் லேசில் விடுகிறவர் இல்லை. பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டினார். மற்றவர்கள் யாரும் தொடக்கூடாது என்று போட்டிருக்கிறது, நீங்கள் ஒருத்தர் மட்டும் தொடுகிறீர்கள், அப்படியானால் நீங்கள்தானே பூசாரி என்று கேட்டார். துடைக்கிறவர் தட்டைத் திருப்பிக் கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவிட்டு, வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார். "சார், அந்தம்மா கேட்டது ஞாயந்தானுங்களே?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து காட்சிசாலை முழுக்க அவருக்குப் பூசாரி என்றே பேராகிவிட்டது. நான் எதற்காக அப்படிச் சிரித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீலகிரி மலையிலிருந்து கோயமுத்தூருக்கு மின்சாரம் இறங்கி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஒரு பெரிய கல்லூரியின் வளாகத்தில், மில் கொட்டகை மாதிரி நீளமான கட்டடம் ஒன்றைக் கட்டி, உலகத்து மிசின்களையெல்லாம் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நீராவி என்ஜின், பஞ்சு அரைக்கும் மிசின், நூல் நூற்கும் மிசின், டைனமோ, தொலைநோக்கி, வயிற்றைத் திறந்து வைத்த கடிகாரம் எல்லாம் இருந்தன. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மலையும் அணையும் செய்து, கீழே ஊசி முனையளவு விளக்குகள் எரிய விட்டிருந்தார்கள். ஜனங்கள் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் மொய்ப்பார்கள். தண்ணீர் பம்ப் ஒன்றைத் தவிர மற்ற மிசின்கள் ஓடா, நின்ற இடத்தில் நிற்கும். அந்த அமைதிக்கும் எண்ணெய் வாசனைக்கும் சேர்த்து, ஊர்க்காரர்கள் அதற்கு மிசின் கோயில் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

என் வேலை, வருகிறவர்களின் பேரையும் ஊரையும் ஒரு பெரிய புத்தகத்தில் எழுதிக்கொள்வது. இன்டர்மீடியட்டில் இரண்டு முறை கவிழ்ந்தவனுக்கு, செல்வாக்குள்ள மாமா ஒருவரின் வாய்ச்சொல்லால் கிடைத்த வேலை. முதல் இரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தூரத்தில் நின்ற மிசின் எதையும் எழுந்து போய் உருப்படியாகப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

துடைக்கிறவர் அதற்கு நேர் எதிர். மேலே ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு, கையில் மில்லிலிருந்து வரும் கழிவுப் பஞ்சு. காலையில் வந்தால் சாயங்காலம் வரை துடைப்பார். துடைப்பதற்கு மட்டும் தொடலாம், எதையும் திருப்பவோ தள்ளவோ கூடாது என்பது எங்கள் சூப்பரின்டென்டென்ட் போட்ட சட்டம். அவர் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. ஆனால் எந்த மிசினைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வருகிறதோ, அந்த மிசினில்தான் அன்றைக்கு அழுக்கு அதிகமாக இருக்கும். "இங்க ஒரே பிசுக்கா இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரே பல்சக்கரத்தை அரை நாள் துடைப்பார். பார்க்கிறவர்களுக்குத் துடைப்பது மாதிரி இருக்கும். அவர் விரல் ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டு, அது எதைத் தொடுகிறது, தொட்டது எதைத் தள்ளுகிறது என்று அடுத்த சக்கரத்துக்கும் அதற்கடுத்ததற்கும் போய்க்கொண்டிருக்கும். வழி எங்கேயாவது அறுந்துபோனால் என் மேசைக்கு வந்துவிடுவார்.

நீராவி என்ஜினின் தலையில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். அவை எதற்கு என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அழகுக்கு என்றேன். மறுநாள் வந்து, அழகுக்கு என்றால் அதிலிருந்து ஒரு கம்பி கீழே போய் ஆவி வருகிற வாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே என்றார். வேறு வழியில்லாமல் சூப்பரின்டென்டென்டிடம் போய்க் கேட்டேன். தஞ்சாவூர்க்காரர், முன்கோபி, ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாத மனுஷர். என்ஜின் வேகமாகச் சுற்றினால் குண்டுகள் விலகி மேலே போகும், அவை மேலே போனால் ஆவியின் வாய் குறுகும், வேகம் தானாகத் தணியும் என்று படம் போட்டுக் காட்டினார். நான் வந்து இவரிடம் ஒப்பித்தேன். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை ஒரு கல்யாண மாப்பிள்ளையிடம்கூட நான் பார்த்ததில்லை.

"அப்ப தான் வேகமா ஓடறது அதுக்கே தெரியுதுங்களா சார்?" என்றார். பிறகு அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் அந்தக் குண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாக் கேள்விக்கும் பதில் இப்படிச் சீக்கிரம் கிடைத்துவிடாது. கிடைக்கும் வரை தினமும் காலையில் வந்ததும் கேட்பார். கோபப்பட மாட்டார், மறக்கவும் மாட்டார். தொலைநோக்கியில் பார்த்தால் தென்னைமரம் ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்பதற்கு மூன்று மாதம் ஆயிற்று. மூன்று மாதமும் "கேட்டீங்களா சார்?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். எரிச்சலாக இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு இன்றைக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சம் விஞ்ஞானமும் அவருக்குப் பயந்து நான் கற்றுக்கொண்டதுதான்.

அந்தப் பலகைக்கும் ஒரு கதை உண்டு. முதலில் சென்னையிலிருந்து எழுதி வந்த பலகையில் "தொடாதே" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பத்து ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவர் வந்து அந்தப் பலகையைப் படித்துவிட்டு, ஆரைப் பார்த்து இப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று என் மேசைக்கு வந்து சண்டை போடுவார். சிலர் வீம்புக்கென்றே தொட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த சூப்பரின்டென்டென்ட், உள்ளூர்ப் பெயிண்டரைக் கூப்பிட்டுத் "தொடாதீங்க" என்று புதுப் பலகை எழுத வைத்தார். அதன் பிறகு யாரும் தொடவில்லை. ஒரு "ங்க"வுக்கு அவ்வளவு மரியாதை.

பழைய பலகையை உள்ளறையில் கொண்டுபோய்ப் போடச் சொல்லி இவரிடம் கொடுத்தோம். சின்ன வயதில் இரண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். பலகையை நிமிர்த்தி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்தார்.

"இந்தச் சொல்லக் காதுலதானுங்க கேட்டிருக்கறேன் சார். எழுத்துல இப்பத்தான் பாக்கறேன்."

குறையாகச் சொல்லவில்லை. கடிகாரத்தின் வயிற்றைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டு சொன்னார். நான் காதில் விழாதவன் போலப் புத்தகத்தில் கோடு போட ஆரம்பித்தேன். அவர் சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே இருந்த சேரியிலிருந்து நடந்து வருகிறவர். எதிரே இருந்த காபி கிளப்பில் அவருக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றித் தருவார்கள், அதுவும் பின்பக்கம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தால், ஜில்லாவிலேயே பெரிய மனிதர்கள் எட்ட நின்று பார்க்கிற டைனமோவை அவர் ஒருத்தர்தான் தொடலாம். அவிநாசிக் கோயிலுக்குள் நுழைய முடியாதவரை அவிநாசிக்கார அம்மாள் பூசாரி என்று கூப்பிட்டார் என்றுதான் நான் அப்படி விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே அவர் அவர் என்று எழுதிக்கொண்டு போகிறேன். அப்போது அப்படிக் கூப்பிடவில்லை. எனக்குப் பத்து வயது மூத்தவரை வா, போ என்றுதான் சொல்லிவந்தேன். வாசலுக்கு வருகிற நாய்க்குக்கூட "போங்க" சொல்கிற ஊர் என்று எங்களைக் கேலி செய்வார்கள். அந்த நாய்க்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை.

காட்சிசாலையில் அவருக்கு மிகப் பிடித்தது ஒரு தண்ணீர் பம்ப். தோட்டக்காரர்கள் கிணற்றுக்கு மோட்டார் வாங்க வேண்டும் என்று அரசாங்கம் ஆசைப்பட்ட காலமாதலால், ஒரு பம்பைப் பாதியாக அறுத்து உள்ளே தெரிகிற மாதிரி சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதில் நிஜப் பம்ப் ஒன்று. சனிக்கிழமைகளில் அதை ஓட்டிக் காட்டுவோம். உறிஞ்சுகிற குழாயின் அடி முனையில், தண்ணீருக்குள், தோலால் செய்த ஒரு மடல் இருக்கும். புட் வால்வு என்பார்கள். தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. அது சரியாக மூடாவிட்டால் குழாயில் தண்ணீர் நிற்காது. குழாயில் தண்ணீர் நிற்காவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றுமே தவிரச் சொட்டுத் தண்ணீர் ஏறாது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை பம்ப் நின்றுபோனதால்தான். ஐம்பது தோட்டக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள், மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை. சூப்பரின்டென்டென்ட் மில்லுக்கு ஆள் அனுப்பினார். ஆள் வருவதற்குள் இவர் தொட்டிக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தோலைத் தடவிப் பார்த்தார். தம்முடைய கழிவுப் பஞ்சிலிருந்தே ஒரு இழை போய் மடலின் ஓரத்தில் சிக்கியிருந்தது. அதை எடுத்துச் சூப்பரின்டென்டென்டிடம் காட்டி, "என்ற தப்புங்க, நாந்தானுங்க சிந்திப்போட்டேன்" என்றார். திட்டுவார் என்று பார்த்தால், தஞ்சாவூர்க்காரர் அதிசயமாக, இனிமேல் இந்தப் பம்ப் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை பொய்த்த அந்த வருஷம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மாமா காட்சிசாலைக்கு வந்தார். அம்மாவின் அண்ணன், அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித் தோட்டம். ஊரிலேயே முதல் ஆளாகக் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர். வைத்த கையோடு, கவலையில் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நான்கு எருதுகளையும் விற்றுவிட்டார். இப்போது மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் பூட்டிக் கொடுத்த ஆள் வால்பாறையில் ஏதோ எஸ்டேட் வேலையாகப் போயிருக்கிறார், வரப் பத்து நாளாகும். அதுவரை மஞ்சள் தாங்காது. தோட்டத்தில் பாதிக்கு மேல் மஞ்சள்தான், இலையெல்லாம் சுருள ஆரம்பித்துவிட்டது. அந்த மாமா குரல் தழுதழுத்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

நான் எழுந்து போய் அறுத்து வைத்த பம்புக்குப் பக்கத்தில் மாமாவை நிறுத்தினேன். இவர் துடைத்துக்கொண்டே விளக்கினார். தண்ணீர் எங்கே நுழைகிறது, எதைத் தொட்டு எங்கே போகிறது, எங்கே காற்றுப் புகுந்தால் என்ன ஆகும் என்று விரலால் வழி காட்டிக்கொண்டு போனார். மாமா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "எத்தன வெவரமுங்க! நீங்க ஒரு எட்டு நம்ம தோட்டத்துக்கு வந்து பாத்துக் குடுக்கோணுமுங்க" என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "எந்த ஊருங்க? ஆரு ஊடுங்க நீங்க?" என்று கேட்டார்.

"சிங்காநல்லூருக்குக் கெழக்காலைங்க. சேரிங்க."

மாமா ஒரு கணம் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரி. அந்தத் தோலு எப்பிடி இருக்கும்னு இன்னொருக்காச் சொல்லு" என்றார். வாய் வரைக்கும் வந்த "ங்க" அங்கேயே நின்றுபோனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொருமுறை முதலிலிருந்து சொன்னார்.

மாமா கேட்டுக்கொண்டு போய்த் தாமே எல்லாம் செய்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஆள் வந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு வா, கிணற்றுப் பக்கம் வர வேண்டாம், எட்ட உட்கார்ந்து சொல்லட்டும், நாம் செய்துகொள்ளலாம் என்பது உத்தரவு. அவரிடம் அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மென்று விழுங்கிச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பூட்டியிருக்கும் பம்ப் எந்த மாதிரி, உறிஞ்சுகிற குழாய் எத்தனை அடி என்று மட்டும் கேட்டார். நிஜக் கிணற்றில் ஓடுகிற பம்பை அவர் அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே காட்சிசாலைப் பம்பை ஓட்டிக் காட்டிவிட்டு, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். ஊர் எல்லை வந்ததும் அவருக்கு நான் "சார்" இல்லை, நிலக்காரர் வீட்டுப் பிள்ளையை அழைக்கிற "சின்னப் பண்ணாடி" ஆகிவிட்டேன். அவர் வாய்க்கால் கரையில் வெயிலில் உட்கார்ந்தார். மோட்டார் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு கல் மேடையில் இருந்தது. அதை ஓட்டச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். பம்பின் வாயைத் திறந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றின தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கவில்லை, கீழே போய்க்கொண்டே இருக்கிறது என்று கத்தினேன். அப்படியானால் புட் வால்வுதான் என்றார். கிணற்றில் இறங்கி, தண்ணீருக்குள் மூழ்கி, அந்தத் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டாரில் நீந்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூழ்கினேன். ஏதோ வழவழவென்று கைக்குத் தட்டுப்பட்டது. ஏறி வந்து சொன்னேன். தோல் படிந்து உட்காருகிறதா, ஓரத்தில் விரல் நுழைகிறதா, எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அவர் கரையிலிருந்து கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. மறுபடி மூழ்கினேன். மறுபடியும் தெரியவில்லை. இரண்டு வருஷமாகப் பத்தடி தூரத்தில் வைத்திருந்த பொருளை ஒரு தரம் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்றாம் முறை ஏறி வந்தபோது எனக்கு மூச்சு இரைத்தது.

அவர் எழுந்து நின்றார். "சின்னப் பண்ணாடிக்கு இதுக்கு மேல எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலீங்க. இது என்ற வாய்க்குத் தெரிஞ்சதில்லீங்க. கைக்குத் தெரிஞ்சது."

மாமா வேலியைப் பார்த்தார், வண்டித்தடத்தைப் பார்த்தார். ஊர்க்காரன் எவனாவது வருகிறானா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மாமாவின் மனைவி, என் அத்தை, மஞ்சள் பாத்தியிலிருந்து பிடுங்கின ஒரு செடியோடு வந்து நின்றிருந்தார். செடியின் இலை சுருண்டு ஈர்க்குச்சியாகியிருந்தது. அதை மாமாவின் காலடியில் போட்டார்.

"எறங்கச் சொல்லுங்க" என்றார்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினார். மேடையில் இருந்த பம்பை ஒரு தரம் சுற்றிலும் தடவிப் பார்த்தார், காட்சிசாலையில் செய்கிற மாதிரியே. பிறகு தண்ணீருக்குள் போனார். நாங்கள் மூவரும் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறி வந்தபோது அவர் கையில் முறுக்கிய வாழைநார் ஒன்று இருந்தது, அதில் இன்னும் கொஞ்சம் சரிகை ஒட்டியிருந்தது.

மாலை நார். மோட்டார் வைத்த அன்று பூசை போட்டு, தேங்காய் உடைத்து, மோட்டாருக்கு மாலை சாத்தியிருந்தார்கள். அது நழுவிக் கிணற்றில் விழுந்து, பூவெல்லாம் அழுகிப்போய், நார் மட்டும் குழாய் முனையில் கிழிந்திருந்த சல்லடை வழியாக உறிஞ்சப்பட்டு மடலைச் சுற்றிக்கொண்டது. அத்தை அந்தச் சரிகையைப் பார்த்ததும், "நாஞ் சாத்துன மாலை" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுபடி தண்ணீர் ஊற்றினோம். இந்தத் தடவை நின்றது. மோட்டாரைப் போட்டதும் குழாய் இரண்டு தரம் காற்றைத் துப்பியது. பிறகு வாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. மாமா வாய்க்காலில் இறங்கி நின்று அழுதார். இவர் மட்டும் ஈர வேட்டியோடு தண்ணீருக்கு முன்னாலேயே வாய்க்கால் ஓரமாக நடந்து போய், அது கடைசிப் பாத்தி வரை போகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வேலி ஓரத்தில் இலை போட்டு அவருக்குச் சோறு வைத்தார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். கிளம்பும்போது மாமா, "நல்ல கையிடா உனக்கு" என்றார். மாமா யாரையும் அவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அவர் அன்றே பஸ் ஏறிவிட்டார், நான் தங்கிவிட்டேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை நிற்கவில்லை. சேரிக்காரன் கிணற்றில் இறங்கிய விஷயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றை ஒட்ட இறைத்து, புதுத் தண்ணீர் ஊறினதும், கோமியமும் மஞ்சள் தண்ணீரும் தெளித்து, தேங்காய் உடைத்துத் தீட்டுக் கழித்தார்கள். நானும் கூடவே நின்றேன்.

திங்கட்கிழமை காட்சிசாலைக்குப் போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்து, அறுத்து வைத்த பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நேற்று முழுக்க ஓடியது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். மஞ்சளுக்கு அத்தனை தண்ணீர் ஆகாதே, எதற்கு நாள் முழுக்க ஓட்டினார்கள் என்றார். இந்த மாதிரிக் கேள்வியிலிருந்து அவரிடம் தப்ப முடியாது. உள்ளதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் விரல் பம்பின் அடியிலிருந்து மெல்ல மேலே போக ஆரம்பித்தது.

"கெணத்த எறச்சது அந்த மோட்டார்தானுங்களே சார்? எறச்ச தண்ணியெல்லாம் நாந்தொட்ட தோலத் தொட்டுட்டுத்தானுங்க வெளிய போகோணும். புதுசா ஊறுன தண்ணியும் இனி அதே தோலத் தொட்டுட்டுத்தானுங்க வரும். அப்ப எதைக் கழிச்சாங்க, எது மிச்சம் இருக்குது?"

குத்தலாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவர் முகத்தில் இருந்தது அந்த இரண்டு இரும்புக் குண்டுகளைப் பற்றிக் கேட்டபோது இருந்த அதே முகம். பதில் ஒன்று எங்கேயோ இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நம்புகிற முகம். "பண்ணாடிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் கேட்டேன். மாமா பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவருக்கு அது புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மஞ்சள் தலை நிமிர்ந்திருந்தது.

"ஆருகிட்டயும் இதைச் சொல்லிப்போடாதே" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் வந்ததும், "கேட்டீங்களா சார்?" என்றார். மாமா ஊரில் இல்லை என்றேன். அதற்கடுத்த நாள் கேட்டார், நான் ஊருக்கே போகவில்லை என்றேன். முந்தின நாள் சொன்ன பொய்க்கும் இதற்கும் ஒட்டவில்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "செரீங்க" என்று சொல்லிவிட்டு டைனமோவைத் துடைக்கப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். எத்தனையோ கேள்விகள் கேட்டார், எல்லாவற்றுக்கும் அலைந்து திரிந்து பதில் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் அவர் மறுபடி கேட்கவில்லை.